எதிரே வந்த வெள்ளை வண்டி

"ம்ம்ம்ஹேஏஏ!"

பின் இருக்கையிலிருந்து எழுந்த அந்தச் சத்தத்தில் லெஸ்யாவின் கை ஸ்டியரிங்கை உதறிவிட்டது. வண்டியின் பின்பக்கம் பனியில் இடப்புறம் ஒரு தடவை, வலப்புறம் ஒரு தடவை வழுக்கி, பிறகுதான் நேரானது.

"என்னடி அது?" பக்கத்திலிருந்த டோரீன் இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹால்யாதான். கெட்ட கனவு ஏதாவது..."

"ஏழு வயசுப் பொண்ணு அப்படியா கத்தும்? கிழவன் தொண்டையில முள்ளு மாட்டின மாதிரி இருக்கு!"

லெஸ்யா பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டாள். அந்தச் சாலையில் சட்டென்று மிதித்தால் பள்ளத்தில் போய்த்தான் நிற்க வேண்டும். வயல், வேலி, வானம் எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தன. சாலை என்று தனியாக ஒன்றும் தெரியவில்லை. காற்று தரையோடு தரையாகப் பனியை வாரிக்கொண்டு ஓடியது.

வண்டி நின்றதும் டோரீன் இருக்கையில் முட்டிபோட்டுத் திரும்பி, பின்னால் கிடந்த கட்டம்போட்ட ரஜாய்ப் போர்வையின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

ஈரமான கறுப்பு மூக்கு ஒன்று வெளியே வந்தது. பிறகு இரண்டு பெரிய கண்கள். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத கன்றுக்குட்டி. காது நுனியில் உறைபனி இன்னும் முழுதாகக் கரையவில்லை.

டோரீன் அலறினாள். கன்றும் அலறியது.

லெஸ்யா அலறவில்லை. ரஜாயை முழுதாக உருவினாள். இருக்கைக்குக் கீழே கைவிட்டுத் துழாவினாள். ஒரு சங்கிலி, ஒரு கயிறு, ஒரு மண்வாரி, ரத்தம் காய்ந்து விறைத்துப்போன கையுறைகள். வேறு ஒன்றும் இல்லை.

"ஹால்யா எங்கே?" என்றாள். யாரைக் கேட்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ரத்தம்டி! சங்கிலி வேற! ஐயோ, எவனோ கொலைகாரன் வண்டிக்குள்ள..."

"மாடு ஈனறப்ப கன்னை வெளிய இழுக்கற சங்கிலி அக்கா அது. பிரசவ ரத்தம்." லெஸ்யா வண்டியின் முன்பக்கத்தைச் சுற்றிப் பார்த்தாள். "அக்கா... இது எங்கண்ணன் வண்டி இல்ல."

அன்று விடியுமுன் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்துக் கிழக்குக் கோடியிலிருந்து கிளம்பியவர்கள் அவர்கள். லெஸ்யாவின் கணவன் வாசிலுக்கு மலைப்பக்கத்தில் ரயில் பாதையில் பனி தள்ளும் வேலை. அறுவடை முடிந்ததும் போனவன், இப்போதுதான் வாடகைக்கு ஒரு வீடு பிடித்திருந்தான். லெஸ்யா தன் அண்ணனின் பிக்கப் வண்டியை இரவல் வாங்கி, பின்தட்டில் சாமான்களை ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடி, அதன் மேல் ஹால்யாவின் மஞ்சள் சறுக்குப் பலகையைக் குப்புறக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். வாசிலின் அக்கா டோரீன் ரெஜைனா நகரத்துக்காரி. "நீ தனியா ஓட்டிட்டுப் போய் எந்தப் பள்ளத்துல விழுவியோ" என்று தானாகவே வந்து ஏறிக்கொண்டாள்.

வழி நெடுக இரண்டு பேருக்கும் ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருந்தது. எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், வணக்கம் சொல்வதுபோல் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவது லெஸ்யாவின் பழக்கம். அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் அதுதான் பழக்கம்.

"யாரவன்?" என்பாள் டோரீன்.

"தெரியாதுக்கா."

"தெரியாதவனுக்கு எதுக்கு விரலைத் தூக்கற? அதுவும் இந்தக் கையுறையைப் போட்டுக்கிட்டு! தீயணைப்பு வண்டி கெட்டுது போ."

சிவப்புக் கம்பளியில் பின்னிய கையுறை. கிறிஸ்துமஸுக்கு ஹால்யா கடையில் அடம்பிடித்து அம்மாவுக்காக எடுத்தது. பின்னாலிருந்து ஹால்யாவும் ஒவ்வொரு வண்டிக்கும் விரலைத் தூக்கினாள். எதிரே வந்தவன் பதிலுக்குத் தூக்கினால் ஒரு சிரிப்பு, தூக்காவிட்டால் "திமிரு பிடிச்சவன்" என்று ஒரு திட்டு. மத்தியானத்துக்குள் களைத்துப்போய் ரஜாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டாள்.

ஹார்ட்வெல் என்ற சின்ன ஊரில், பெவ் என்பவளின் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினார்கள். குளிர் மைனஸ் முப்பத்தைந்து. அந்தக் குளிரில் வண்டியை அணைத்தால் மறுபடி உயிர் வருமோ வராதோ. அதனால் யாரும் அணைப்பதில்லை, பூட்டுவதும் இல்லை. கடை வாசலில் ஆறேழு வண்டிகள் புகை விட்டுக்கொண்டே ஆளில்லாமல் நின்றன.

"குழந்தையை எழுப்பாத. சூடா தூங்கறா, இந்தக் காத்துல எதுக்கு இழுத்துக்கிட்டு?" என்றவள் டோரீன்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து வண்டியைப் பார்த்துக்கொண்டேதான் சூப் குடித்தார்கள். காசு கொடுத்து, ஹால்யாவுக்கு உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை கட்டி வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது காற்று கிளம்பிவிட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஓடி, வெள்ளை வண்டியின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்கள். பின்னால் கட்டம்போட்ட ரஜாய், அதற்குள் உருண்டையாக ஓர் உருவம். அந்தப் பக்கத்தில் எந்த வண்டியில்தான் அப்படி ஒரு ரஜாய் இல்லை?

காசு கொடுத்த நேரத்தில் பக்கத்தில் இன்னொரு வெள்ளை வண்டி வந்து நின்றதை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

"உங்கண்ணன் வண்டி வாடை கூடிக்கிட்டே போகுதுடி" என்று டோரீன் சொன்னாள், ஊரைத் தாண்டியதும். வழக்கமான குத்தல் என்று லெஸ்யா பதில் சொல்லவில்லை. தூங்கும் குழந்தையை எழுப்பவேண்டாமென்று திரும்பியும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அரை மணி நேரத்துக்கும் மேலாக ஓட்டியாயிற்று.

"போன்! உங்க போன் எங்கக்கா? என்னுது அந்த வண்டியில சார்ஜ்ல கிடக்கு!"

டோரீன் பையைக் கொட்டிக் கவிழ்த்தாள். குளிரில் விறைத்துக் கிடந்த போன் கடைசி மூச்சில் இருந்தது. கொழுக்கட்டைப் பொட்டலத்தின் மேல் கடையின் எண் இருந்தது. லெஸ்யா அதை அழுத்தினாள். மணி அடித்தது. நெடுநேரம் அடித்தது.

"பெவ் பேசறேன்."

"அம்மா, இப்ப அங்க சாப்பிட்டுட்டு வந்தோமே, ரெண்டு பொம்பளைங்க! வாசல்ல வெள்ளை வண்டி நிக்குதா பாருங்க, மேல மஞ்சளா சறுக்குப் பலகை கட்டியிருக்கும்! உள்ள குழந்தை இருக்கு!"

காலடிச் சத்தம் போய்த் திரும்பி வந்தது.

"இல்லையே கண்ணு. ரெண்டு வெள்ளை வண்டியும் போயிடுச்சே. நீங்கதான் ஓட்டிட்டுப் போனீங்கன்னு... என்ன சொன்ன? குழந்தையா?"

அத்தோடு போன் அணைந்தது. டோரீன் அதைத் தட்டினாள், ஊதினாள், அக்குளில் வைத்துச் சூடாக்கினாள். அது விழிக்கவில்லை.

லெஸ்யா ஏற்கெனவே வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஒரு வயலுக்குள் போகும் மேட்டில் முன்சக்கரத்தை ஏற்றி, பின்னால் எடுத்து, வந்த வழியே விட்டாள்.

"யாருதுடி இந்த வண்டி? யாரு எடுத்துட்டுப் போயிருப்பா?"

"கன்னுக்காரன்தான். நம்மள மாதிரியே அவனும் குனிஞ்சு வந்து ஏறியிருப்பான்."

"அப்ப நல்லவன்தான். குழந்தையைப் பார்த்ததும் திரும்பிக் கொண்டாந்துடுவான்."

"பார்த்தாத்தானே?"

கண்ணாடியில் படிந்த பனியை லெஸ்யா கையுறையால் துடைத்தாள்.

"அவன் வீட்டுக்குப் போறான்னு வைங்க. வாசல்ல நிறுத்தறான். அங்க இன்னொரு மாடு ஈனற நேரம். வண்டியை அணைச்சுட்டு நேரா கொட்டகைக்கு ஓடறான். ரஜாய்க்குள்ள கன்னுதான் கிடக்குன்னு நெனைப்பு. அணைச்ச வண்டி எவ்வளவு நேரத்துல ஐஸ் பெட்டி ஆகும்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"வாயை மூடு. சும்மா இருடி."

"அவ தூங்கிட்டா எழுந்திருக்க மாட்டாக்கா. கதவை உடைச்சாலும் எழுந்திருக்க மாட்டா."

டோரீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான்தான் எழுப்ப வேணாம்னு சொன்னேன்" என்றாள். "வாசில் என்னை உயிரோட விடமாட்டான்."

"இப்ப அதைப் பேசாதீங்க. ரோட்டைப் பாருங்க. வலது பக்கம் வேலிக் கம்பு தெரியுதான்னு மட்டும் சொல்லுங்க."

"தெரியுது... தெரியுது... இல்ல, போயிடுச்சு. இதோ ஒண்ணு."

கம்பு கம்பாகத்தான் அவர்கள் முன்னேறினார்கள். பின்னால் கன்று கால்களை உதைத்து எழப் பார்த்து விழுந்தது. பிறகு அதன் குரல் தேயத் தொடங்கியது. டோரீன் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் தாவிப் போய், அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இது பாலு கேட்குதுடி. என் விரலைப் பிடிச்சுச் சப்புது."

"சப்பட்டும். எடுக்காதீங்க. சப்பற வரைக்கும் உசிரு இருக்குன்னு அர்த்தம்."

"நகரத்துல இருந்தா இந்த நேரத்துக்கு நான் டீ குடிச்சுக்கிட்டு டிவி பார்த்துக்கிட்டிருப்பேன்" என்று டோரீன் கன்றிடம் சொன்னாள். விரலை எடுக்கவில்லை. இப்போது வேலிக் கம்பைச் சொல்ல யாரும் இல்லை. லெஸ்யா கண்ணிமைக்காமல் தானே பார்த்துக்கொண்டாள்.

அப்போது எதிரே மங்கலாக இரண்டு விளக்குகள் தெரிந்தன.

முதலில் எவ்வளவு தூரம் என்றே சொல்ல முடியவில்லை. பால் கண்ணாடிக்குப் பின்னால் வைத்த மெழுகுவர்த்திபோல் இருந்தன. பிறகு சட்டென்று பெரிதாகி, பக்கத்தில் வந்துவிட்டன. லெஸ்யா வண்டியை ஓரம் ஒதுக்கினாள். அந்த வண்டியும் ஒதுங்கியது. நூலிழை இடைவெளியில் இரண்டும் ஒன்றையொன்று கடந்தன. எதிர்க் கண்ணாடிக்குள் ஸ்டியரிங்கின் மேல் தடித்த தோல் கையுறை ஒன்றிலிருந்து ஒரு விரல் எழுவது அவளுக்குத் தெரிந்தது.

லெஸ்யாவும் விரலைத் தூக்கினாள். நினைத்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

வண்டி கடந்து போயிற்று. பனிப்புகை அதை மூடியது. மூடுவதற்குமுன் பக்கக் கண்ணாடியில் ஒரு கணம் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. குப்புறக் கவிழ்த்துக் கட்டிய ஒரு பலகை.

"அக்கா!" என்று லெஸ்யா கத்திய கத்தலில் கன்று விரலை விட்டுவிட்டது. "அதுதான் நம்ம வண்டி! நான்... நான் விரலைத் தூக்கி அனுப்பிட்டேன்க்கா! என் பொண்ணை நானே கைகாட்டி அனுப்பிட்டேன்!"

"ஹாரன் அடி! ஹாரன் அடிடி!"

அடித்தாள். காற்று அதைப் பிடுங்கித் தின்றது. பின்கண்ணாடியில் சிவப்பு விளக்கின் பொட்டுகூட இல்லை.

இந்த முறை வயலுக்குப் போகும் மேட்டைத் தேடும் பொறுமை அவளுக்கு இல்லை. சாலையிலேயே திருப்பினாள். முன்சக்கரம் சாலையின் விளிம்பு என்று அவள் நினைத்த இடத்தைத் தாண்டியது. அங்கே விளிம்பு இல்லை. வண்டி மெதுவாக, யாரோ படுக்கையில் சாய்வதுபோல், பள்ளத்துக்குள் சாய்ந்து இறங்கியது. கண்ணாடியில் பாதிவரை பனி ஏறி நின்றது.

ரிவர்ஸ் போட்டாள். சக்கரம் ஊளையிட்டது. வண்டி இன்னும் கொஞ்சம் புதைந்தது.

லெஸ்யா கதவுப் பிடியில் கையை வைத்தாள். பின்னாலிருந்து டோரீன் அவள் தொப்பியையும் முடியையும் சேர்த்துப் பற்றினாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"அவன் மெதுவாத்தான் போறான். ஓடினா பிடிச்சிடலாம்."

"ஓடுவியா? எங்கிட்டயா சொல்ற? நான் நகரத்துக்காரிதான். ஆனா எங்கப்பன் எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிக் கொடுத்திருக்கான். புயல்ல வண்டியை விட்டு இறங்கினவனை வசந்தத்துலதான் கண்டெடுப்பாங்கன்னு. உக்காருடி!"

"விடுங்கக்கா!"

"ஹால்யாவுக்கு அம்மா வேணாமா?"

லெஸ்யா உட்கார்ந்தாள். முகத்தை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சத்தம் மட்டும் வரவில்லை. ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது. கன்று மறுபடி டோரீனின் விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் லெஸ்யா நிமிர்ந்தாள். மூக்கைச் சுருக்கி முகர்ந்தாள்.

"புகை வாசனை வருதா?"

"கன்னு வாசனைதான் வருது."

"புகைக்குழாயைப் பனி அடைச்சிருக்கும். அப்படியே விட்டா புகை உள்ள வரும். தூங்கிடுவோம். வண்டியை அணைச்சா குளிர் கொல்லும். இறங்கிச் சுத்தம் பண்ணித்தான் ஆகணும்."

டோரீன் அவளை ஒரு நொடி பார்த்தாள். பிறகு இருக்கைக்கு அடியில் கைவிட்டு அந்தக் கயிற்றை எடுத்தாள். கன்றைக் கட்டும் கயிறு. அதன் ஒரு நுனியை லெஸ்யாவின் இடுப்பில் கட்டினாள். மறுநுனியைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

"ரெண்டு தடவை இழுத்தா உள்ள வந்துடணும். எதிர்த்துப் பேசக் கூடாது."

வெளியே இறங்கியதும் லெஸ்யாவுக்கு மூச்சு நின்றுவிட்டது. பனி முகத்தில் மணலாக அறைந்தது. இடுப்பளவு பனியில் வண்டியைத் தடவித் தடவிப் பின்னால் போனாள். மண்டியிட்டு மண்வாரியால் தோண்டினாள். தோண்டத் தோண்டக் காற்று நிரப்பியது. குழாய் வாய் தட்டுப்பட்டதும் சூடான புகை முகத்தில் அடித்தது. இருமினாள். விரல்கள் சிவப்புக் கம்பளிக்குள் இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை. இப்போது கயிற்றை அவிழ்த்துவிட்டு மேற்கே நடந்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. கை முடிச்சுவரைக்கும் போயிற்று.

இடுப்பில் இரண்டு இழுப்பு.

அவள் அசையவில்லை. மறுபடி இரண்டு இழுப்பு, இந்த முறை விழத்தட்டும் அளவுக்கு. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். சாலையில், மேற்குப் பக்கமிருந்து, பால் கண்ணாடிக்குள் வைத்த மெழுகுவர்த்திகள் இரண்டு வந்துகொண்டிருந்தன.

அவன் தங்களைப் பார்க்காமல் போய்விட்டால்? பார்க்காமல் தன் மேலேயே ஏற்றிவிட்டால்? லெஸ்யா சரிவில் நாலு காலில் ஏறினாள். கயிறு தீரும்வரை ஏறி, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள்.

வண்டி நின்றது. கதவு திறந்தது. மாட்டுக்காரர்களின் தடித்த உடுப்பில், மீசையில் பனி தொங்க, ஓர் உயரமான ஆள் இறங்கினார். அவர் கோட்டுக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அம்மா, நான் ஒரு தாத்தா வீட்டுக்குப் போனேன்! அங்க பூனை இருக்கு!"

லெஸ்யா அவளை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். குழந்தையின் கன்னம் சூடாக இருந்தது. அந்தச் சூட்டில் தன் முகத்தை அழுத்தி வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆர்வில்னு என் பேரு" என்று அந்த ஆள் காற்றுக்கு மேலே கத்தினார். "வீட்டுல போய்க் கதவைத் திறந்தா கன்னுக்குப் பதிலா இது எழுந்து உக்காந்து, 'மலை வந்துடுச்சா'ன்னு கேக்குது. மேற்கத்தான் போறீங்கன்னு சொல்லிச்சு, உங்களைத்தான் துரத்திக்கிட்டு வந்தேன். என் கன்னு? உசிரோட இருக்கா?"

"என் விரலைத் தின்னுக்கிட்டிருக்கு, வந்து வாங்கிக்கய்யா!" என்று வண்டிக்குள்ளிருந்து டோரீன் கத்தினாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தது குரல். ஆர்வில் கோட்டுப் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்தார். சீம்பால். உடம்புச் சூட்டில் வைத்திருந்தார்.

எல்லாரும் சாலைமேல் நின்ற வண்டிக்குள் நெருக்கியடித்து ஏறிக்கொண்டார்கள். கன்று டோரீனின் மடியில் புட்டியை முட்டி முட்டிக் குடித்தது. லெஸ்யாவின் பல் இன்னும் கிட்டித்திருந்தது. அவள் ஹால்யாவைத் தன் மேலங்கிக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டிருந்தாள்.

"ஆனா ஒண்ணுங்க" என்றாள் டோரீன். "அந்தப் பனியில உங்க வண்டியை நீங்க எப்படிக் கண்டுபிடிச்சுத் திரும்பினீங்க?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன்?" ஆர்வில் மீசையைத் துடைத்தார். "எதிர்ல வண்டி வந்துச்சு, வழக்கம்போல விரலைத் தூக்கிட்டுப் போயிட்டேன். எனக்கு ரோடே தெரியல."

மேலங்கிக்குள்ளிருந்து ஹால்யா தலையை நீட்டினாள்.

"நான்தான் சொன்னேன், 'தாத்தா, திருப்புங்க, அந்தச் சிவப்பு விரல் எங்கம்மாவோடது'ன்னு."